ஆள் எடுப்பதும் ஆளாக்குவதும்

தையல் கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவரை முதல் நாளே மெஷினில் உட்காரவைக்க மாட்டார்கள். காஜா எடுக்கச் சொல்வார்கள். பட்டன் கட்டச் சொல்வார்கள். பேன்ட் கால்மடிப்புக்கு ஹெம்மிங் போடச் சொல்வார்கள். சில மாதம் கழித்து நேர்த்தையல் போடலாம். பிறகு கை, காலர். கத்தரிக்கோல் கடைசியாகத்தான் கைக்கு வரும். கட்டிங் மாஸ்டர் என்று பெயர் எடுத்தவர்கள் பலரும் காஜாவில் தொடங்கியவர்கள்தான். கடைக்காரருக்கு அது குறைந்த கூலியில் முடிகிற வேலை. செய்கிறவருக்கோ, எந்தத் துணி இழுபடும், எது பிசிறும், எது ஊசியில் சுருங்கும் என்று விரல் தானாகக் கற்றுக்கொள்கிற காலம். பிறகு காஜா மெஷின் வந்தது. சட்டைகளை மொத்தமாகக் கட்டி காஜா கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வேலை சுத்தமாகவும் சீக்கிரமாகவும் முடிகிறது. புதிதாக வருகிறவர் இனி எதில் தொடங்குவது என்பதை மட்டும் அந்த மெஷின் சொல்லவில்லை.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) வரிசையாக நிற்கும் மென்பொருள் அலுவலகங்களும் இதே முறையில்தான் ஆள் வளர்த்தன. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த காலத்திலிருந்து பார்த்தால், ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வான பிள்ளைக்குச் சில மாதப் பயிற்சி. பிறகு ஒரு பிராஜெக்டில் ‘ஷேடோ’. சம்பளம் உண்டு, வாடிக்கையாளரிடம் அவர் பெயரில் பில் போக முடியாது, மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதன்பின் சின்னச் சின்ன டிக்கெட்டுகள். ஓர் அறிக்கையில் தேதி தப்பாக வருகிறது, ஏன் என்று பார். பத்து டெஸ்ட் கேஸ் எழுது. இரவில் ஓடிய ஜாப் எந்த இடத்தில் நின்றது என்று லாக் படி. இதையெல்லாம் பெரிய வேலை என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் ஆறு மாதம் லாக் படித்தவருக்கு அந்த அமைப்பு எங்கே பலவீனம், எதைத் தொட்டால் எது விழும் என்பது தெரிந்துவிடும். வேறு எந்த வகுப்பிலும் அது கிடைக்காது.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. அதற்குப் பின் வந்த கருவிகள் எவற்றை நன்றாகச் செய்கின்றனவோ, அவை ஏறக்குறைய இந்தப் பட்டியலில் இருப்பவைதான்: டெஸ்ட் கேஸ் எழுதுவது, லாக் படித்துக் காரணம் சொல்வது, சிறு பிழை திருத்துவது, கூட்டக் குறிப்பைச் சுருக்குவது. செயற்கை நுண்ணறிவு (ஏஐ) வேலையைப் பறிக்குமா என்ற கேள்வியை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது, அது பயிற்சியைப் பறிக்கிறதா என்பது. திறமைசாலிகளை எப்படித் தேடி எடுப்பது, எப்படி வளர்ப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்திய ஐ.டி. சேவை நிறுவனங்களின் அமைப்பைத் துறையில் ‘பிரமிட்’ என்பார்கள். அடியில் ஏராளமான ஃப்ரெஷர்கள், நடுவில் டீம் லீடர்கள், உச்சியில் கொஞ்சம் பேர். அடித்தளம் அகலமாகவும் மலிவாகவும் இருப்பதில்தான் லாபம். பெரிய நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 3 முதல் 3.5 லட்சம் என்ற அளவிலேயே பத்தாண்டுக்கு மேலாக நிற்கிறது என்றால் அதற்கு இந்தக் கணக்கே காரணம். ஏஐ வந்ததும் அடித்தளம்தான் முதலில் கரையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அது பெரும்பாலும் நடு, மேல் அடுக்குகளில் இருப்பவர்களைத் தொடும் என்றது. அடி சுருங்குமா, நடு சுருங்குமா என்பதில் நிறுவனங்களிடமே ஒரே பதில் இல்லை. நடு அடுக்குதான் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற அடுக்கு என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்கள் என்ன சொல்கின்றன? ஒன்றோடொன்று மோதுகின்றன. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் பிரின்யோல்ஃப்சனும் இரு சக ஆய்வாளர்களும், அமெரிக்காவின் மிகப் பெரிய சம்பளப் பட்டுவாடா நிறுவனமான ஏடிபியின் தரவுகளை அலசினார்கள். ஏஐ அதிகம் தொடும் தொழில்களில், 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு 2022 இறுதியிலிருந்து ஒப்பீட்டளவில் 13 சதவீதம் குறைந்திருந்தது. அதே தொழில்களில் இருந்த மூத்தவர்களுக்கு அப்படி நேரவில்லை. வேலையை ஏஐ முழுதாகத் தானே செய்துவிடுகிற இடங்களில் சரிவு. மனிதருக்குத் துணையாக நிற்கிற இடங்களில் சரிவு இல்லை.

மறுபக்கம், டென்மார்க்கில் ஆண்டர்ஸ் ஹம்லமும் எமிலி வெஸ்டர்கார்டும் 25,000 ஊழியர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, சாட்பாட்களால் சம்பளத்திலோ வேலை நேரத்திலோ சொல்லத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் பட்ஜெட் லேப் 2025 அக்டோபரில் அமெரிக்க வேலைச் சந்தை முழுவதையும் எடுத்துப் பார்த்து, பெரிய குலுக்கல் எதுவும் தெரியவில்லை என்றது. இரண்டு தரப்பையும் நான் நம்புகிறேன். ஊர் முழுக்கத் தண்ணீர் மட்டம் அப்படியே இருக்க, ஒரு தெருவின் கிணறு மட்டும் வற்றுவது நடக்கக்கூடியதுதான். அந்தத் தெருவில் 22 வயதுக்காரர்கள் குடியிருக்கிறார்கள் என்பதே வருத்தம். அமெரிக்காவில் வட்டி விகிதம் ஏறியது, பெருந்தொற்றுக் காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்தது போன்ற காரணங்களும் இந்தச் சரிவில் கலந்திருக்கின்றன. முழுப் பழியையும் இயந்திரத்தின் தலையில் போட முடியாது.

இனி ஆள் எடுக்கும் இடத்துக்கு வருவோம். 1973-இல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் ஒரு விளக்கம் தந்தார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர். முன்பின் தெரியாத ஆளை முதலாளி எப்படி எடைபோடுகிறார்? பட்டம் போன்ற அடையாளங்களை வைத்துத்தான். அந்த அடையாளத்துக்கு மதிப்பு வருவது, அதைப் பெற உழைப்பு தேவைப்படுவதாலும், திறமை குறைந்தவருக்கு அந்த உழைப்பு அதிகம் என்பதாலும். நேர்த்தியான ஒரு விண்ணப்பக் கடிதமும் இப்படிப்பட்ட அடையாளமாகவே இருந்தது. இன்று எந்தக் கல்லூரி மாணவரும் ஒரு நிமிடத்தில் குற்றமற்ற ஆங்கிலத்தில், அந்த வேலைக்கென்றே தைத்ததுபோல் ரெஸ்யூமே தயாரித்துவிடலாம். உழைப்பு போனது, அதோடு அடையாளமும் போனது. ஒருவகையில் இது நல்லது என்றே நினைக்கிறேன். ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரியாததால் முதல் சல்லடையிலேயே உதிர்ந்துபோன கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! ஆனால் எல்லா விண்ணப்பமும் ஒரே முகத்தோடு வந்து குவியும்போது, ஹெச்.ஆர். துறை அவற்றைச் சலிக்க இன்னோர் இயந்திரத்தை வைக்கிறது. இயந்திரம் எழுதியதை இயந்திரம் படிக்கிறது.

அந்தச் சலிப்பு எப்படித் தவறிப்போகும் என்பதற்கு அமேசானின் பழைய அனுபவம் போதும். 2014-இல் அங்கே ரெஸ்யூமேக்களைத் தரவரிசைப்படுத்தும் ஒரு கருவியை உருவாக்கத் தொடங்கினார்கள். பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அந்தப் பத்தாண்டில் விண்ணப்பித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆகவே ‘பெண்கள்’ என்ற சொல் வருகிற ரெஸ்யூமேக்களுக்கு, உதாரணமாகப் பெண்கள் செஸ் சங்கத்தின் தலைவி என்றிருந்தால், மதிப்பெண்ணைக் குறைக்க அது தானே கற்றுக்கொண்டது. திருத்திப் பார்த்தும் நம்பிக்கை வராமல் கைவிட்டார்கள். 2018-இல் ராய்ட்டர்ஸ் இதை வெளிக்கொண்டுவந்தது. நேற்று யாரை எடுத்தோமோ அவரைப் போன்றவரையே நாளையும் எடு என்பதுதான் இப்படிப் பழக்கிய கருவி தருகிற அறிவுரை. அதனால்தான் நியூயார்க் நகரம் இத்தகைய கருவிகளுக்கு ஆண்டுதோறும் பாரபட்சத் தணிக்கை வேண்டும் என்ற சட்டத்தை 2023 ஜூலை முதல் அமலாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், ஆள் எடுக்கும் கருவிகளை அதிக அபாயம் உள்ளவை என்ற பிரிவில் வைத்திருக்கிறது. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஆன்லைன் தேர்வு எழுதும் இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. வேண்டும்.

இயந்திரத்தை வாசலிலிருந்து விரட்டிவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பிலிப்பைன்ஸில் வாடிக்கையாளர் சேவை வேலைகளுக்கு விண்ணப்பித்த 70,000 பேரை வைத்து பிரையன் ஜபாரியனும் லூக்கா ஹெங்கலும் 2025-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரை மனிதர் நேர்காணல் செய்தார். சிலரைக் குரல்வழி ஏஐ செய்தது. இரண்டிலும் முடிவெடுத்தது மனிதர்தான். ஏஐ பேசியவர்களில் வேலைக்குத் தேர்வானோர் 12 சதவீதம் கூடுதல். முதல் மாதம் தாண்டி நிலைத்தவர்களும் கூடுதல். காரணம் எளியது. அது யாரிடமும் சலித்துக்கொள்ளாமல், எல்லோரிடமும் கேட்கவேண்டியதைக் கேட்டது.

அந்தக் காரணம் புதியதும் அல்ல. பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2022-இல் மறுகணக்குப் போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் அளவுகோல் என்று கட்டமைத்த நேர்காணலுக்கும், பிற்கால வேலைத் திறனுக்கும் இடையிலான தொடர்பு 0.42. உட்கார்ந்து பொதுவாகப் பேசிப் பார்க்கிற நேர்காணலுக்கு 0.19. வேலையின் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லும் தேர்வும் நன்றாகவே கணிக்கிறது. எத்தனை ஆண்டு அனுபவம் என்ற, நம் விளம்பரங்களில் முதலில் வருகிற கேள்வியோ பட்டியலில் கடைசிப் பக்கம். ‘ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்’ என்று மார்தட்டும் மேலாளர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த இரண்டு எண்களைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

இந்தக் காலத்துக்கு எந்தத் துண்டு வேலையைக் கொடுத்துப் பார்ப்பது? ‘நிரல் எழுது’ என்றால் வீட்டிலிருக்கும் கணினி எழுதிவிடும். ஏஐ எழுதிய நிரலைக் கொடுத்து, இதில் தப்பு எங்கே என்று கேட்கலாம். நேரில் உட்காரவைத்து, கருவியையும் கையில் கொடுத்து, எதை அதனிடம் கேட்கிறார், அது சொன்னதில் எதை நம்ப மறுக்கிறார், மறுத்ததற்கு என்ன காரணம் சொல்கிறார் என்று பார்க்கலாம். சந்தேகப்படத் தெரிந்தவர் யார் என்பது அரை மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும். கல்லூரிப் பெயரை மறைத்துவிட்டு இதைச் செய்தால் இன்னும் நல்லது.

ஆனால் சந்தேகப்படுவதற்கு, சரி எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். வளர்ப்பது பற்றிய கேள்வி இங்கே தொடங்குகிறது. இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

நான்கு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது நம்பிக்கை தருவது. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,179 பேருக்கு, என்ன பதில் சொல்லலாம் என்று உடனுக்குடன் பரிந்துரைக்கும் ஏஐ கொடுக்கப்பட்டது. 2023-இல் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சே ரேமண்ட் வெளியிட்ட முடிவின்படி, உற்பத்தித்திறன் சராசரியாக 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம். தேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கைதேர்ந்தவர்களின் பேச்சுமுறையைக் கருவி உறிஞ்சிப் புதியவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. மென்பொருள் பழுதாகிக் கருவி நின்ற நேரங்களிலும் அவர்கள் முன்னைவிட நன்றாகவே செய்தார்கள். அதாவது, கொஞ்சம் கற்றுமிருந்தார்கள்.

இரண்டாவது, துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்தது. கணக்குப் பயிற்சியில் ஒரு குழுவுக்குச் சாதாரண ஏஐ. இன்னொன்றுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் அமைத்த ஏஐ. மூன்றாவது குழுவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சியில் முதல் குழு 48 சதவீதம் அதிகம் எடுத்தது. பிறகு கருவியை வாங்கிவைத்துக்கொண்டு தேர்வு வைத்தார்கள். ஏஐ தொடாதவர்களைவிட அந்த முதல் குழுவினர் 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் பெற்ற குழுவுக்கு அந்த இழப்பு நேரவில்லை. கருவி ஒன்றேதான், அதை எப்படிப் பேசவைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

மூன்றாவது தேர்ந்தவர்களைப் பற்றியது. போலந்தில் பெருங்குடல் அகநோக்கி மருத்துவர்கள், சிறு கட்டிகளைக் காட்டிக்கொடுக்கும் ஏஐயோடு சில மாதம் பழகினார்கள். பிறகு அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அவர்கள் கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆக இறங்கியிருந்தது என்று 2025 ஆகஸ்டில் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்தது. ஒவ்வொருவரும் 2,000 பரிசோதனைகளுக்கு மேல் செய்தவர்கள். இது கட்டுப்படுத்திய சோதனை இல்லை, பதிவுகளை ஒப்பிட்டது. ஆகவே எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அவர்களுக்கே இப்படியென்றால், முதல் ஆண்டு மாணவருக்கு?

நான்காவது, மெட்ர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2025-இல் செய்தது. தாங்கள் பல ஆண்டு பராமரித்த நிரல்தொகுப்புகளில் 16 மூத்த நிரலாளர்கள் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ இருந்தால் 24 சதவீதம் வேகமாக முடியும் என்று எதிர்பார்த்தார்கள். முடித்தபின், 20 சதவீதம் வேகமாக முடிந்தது என்று நம்பினார்கள். கடிகாரத்தின்படி 19 சதவீதம் தாமதம். அன்றிருந்த கருவிகளுக்கான கணக்கு இது. கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாறாமல் இருப்பது, தன் வேகத்தைத் தானே அளக்க மனிதரால் முடிவதில்லை என்பது. ‘எங்கள் டீம் இரண்டு மடங்கு வேகம்’ என்று மேலாளர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-இலேயே இதைத் தொழிற்சாலைகளை வைத்து எழுதினார். எளிய வேலைகளை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால், மனிதருக்கு எஞ்சுவது மிகக் கடினமான நேரங்கள் மட்டுமே. அதற்கு வேண்டிய கைப்பழக்கமோ எளிய வேலைகளில்தான் வந்துகொண்டிருந்தது. மாட் பீன் என்ற ஆய்வாளர் அறுவைசிகிச்சை அரங்கில் இதைக் கண்ணால் பார்த்து எழுதினார். திறந்த அறுவைசிகிச்சையில் பயிற்சி மருத்துவரின் கை தேவை. அவர் பிடிக்காமல் பெரியவரால் செய்ய முடியாது. ரோபோ வந்ததும் பெரியவர் ஒருவரே எல்லாவற்றையும் செய்யலாம். பயிற்சி மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை ஒதுக்க நினைக்கவில்லை. அவர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஓ.எம்.ஆரில் இன்று நடப்பதும் அதுவே. மூத்தவர் மாலையில் கருவியிடம் கேட்டு டிக்கெட்டை மூடிவிடுகிறார். முன்பென்றால் அதை ஒரு ஃப்ரெஷரிடம் கொடுத்து, இரண்டு நாள் காத்திருந்து, அவர் செய்த தப்பைக் காட்டி, திரும்பச் செய்யவைத்திருப்பார். அந்த இரண்டு நாள் வீண் என்றுதான் எந்தக் கணக்காளரும் சொல்வார். அந்தத் திரும்பச் செய்ததில்தான் ஒரு பொறியாளர் உருவாகிக்கொண்டிருந்தார்.

வேறு வழிகள் உலகில் இல்லாமலில்லை. ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்கு 1969-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டு, மூன்றரை ஆண்டு என்று பிள்ளைகள் வாரத்தில் மூன்று நான்கு நாள் பட்டறையிலும் ஒன்றிரண்டு நாள் பள்ளியிலும் இருப்பார்கள். நிறுவனத்தில் கற்றுக்கொடுப்பவருக்கும் அதற்கான தகுதி வேண்டும். கற்றுக்கொடுப்பதையே ஒரு தொழிலாக மதிக்கிற அந்த ஒரு விதியை நாம் இரவல் வாங்கலாம். நம்மிடமும் 1961-இன் தொழில் பழகுநர் சட்டம் உண்டு; 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்று 2019-இல் அதன் விதிகள் விரிந்தன. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிகளுக்குள் திறன் வகுப்புகளைக் கொண்டுபோனது. வகுப்பு வரை வந்துவிட்டோம். பட்டறை வரை இன்னும் வரவில்லை.

தமிழ்நாட்டிலேயே கவனிக்கவேண்டிய முயற்சி, மென்பொருள் நிறுவனமான ஸோஹோவின் பள்ளி. 2000-களின் நடுவில் சில மாணவர்களோடு தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களையும் டிப்ளமோ படித்தவர்களையும் எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டு பழக்கி வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் திறந்தார்கள். சொந்தப் பொருளை விற்கிற நிறுவனம் அது. ஆளுக்கு மணிக்கணக்கில் பில் போடுகிற சேவை நிறுவனங்களுக்கு இதே பொறுமை எளிதில் வராது. அந்த வேறுபாட்டை மறந்து, எல்லோரும் இப்படிச் செய்யுங்கள் என்று சொல்வது நியாயமில்லை.

சேவை நிறுவனங்களால் செய்யக்கூடியவை வேறு. சில டிக்கெட்டுகளை ஏஐயிடம் கொடுக்காமல் புதியவர்களுக்கென்று ஒதுக்கிவைப்பது. முதலில் தன் ஊகத்தை எழுதிவிட்டு, பிறகு கருவியிடம் கேட்கச் சொல்வது. அலுவலகக் கருவியையே துருக்கி ஆசிரியர்கள் செய்ததுபோல், முதல் ஓராண்டு விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைப்பது. மாதத்தில் ஒரு நாள் கருவி இல்லாமல் வேலை செய்து பார்ப்பது. இதில் எதற்கும் பெரிய முதலீடு வேண்டாம். வேண்டியது மூத்தவர்களின் நேரம். சிக்கல் முழுவதும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. ஒரு நிறுவனம் செலவழித்து ஆளாக்கினால், அடுத்த நிறுவனம் முப்பது சதவீதம் கூட்டிக்கொடுத்து அழைத்துக்கொண்டு போய்விடும் என்ற பயமும் நியாயமானதே. ஆனால் எல்லோரும் ‘மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர் தேவை’ என்று விளம்பரம் கொடுத்துக்கொண்டு, அந்த மூன்று ஆண்டை யாருமே கொடுக்காமல் இருந்தால், 2030-களில் எவரை எங்கிருந்து அழைத்துக்கொண்டு போவார்கள்?

இந்த அலுவலகங்களில் வாரக் கடைசியில் எல்லோரும் டைம்ஷீட் நிரப்ப வேண்டும். வாடிக்கையாளருக்குச் செய்த வேலைக்கு ஒரு குறியீடு, விடுப்புக்கு ஒன்று, பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்தால் ஒன்று, பயிற்சி பெற்றால் ஒன்று. பக்கத்து இருக்கைப் பிள்ளையின் திரையைப் பார்த்து, ‘இது ஓடும், ஆனால் மாதக் கடைசியில் உடையும், ஏன் என்று நீயே சொல்லு பார்ப்போம்’ என்று ஒரு டீம் லீடர் செலவிடும் நாற்பது நிமிடத்துக்குப் பெரும்பாலும் அதில் குறியீடு கிடையாது. அதை அவர் வேறொரு டிக்கெட்டின் கணக்கில் எழுதுகிறார். இல்லையென்றால், இரவு எட்டு மணிக்கு மேல் தன் சொந்த நேரத்திலிருந்து கொடுக்கிறார்.